மண்டபத்தில் தொலைந்த குரல்



ஆரோவில்லை ஒட்டிய இரும்பைக்கு அருகே, புதிதாகக் கட்டப்பட்ட ஒரு மண்டபத்தில் உறவினர் இல்லத்து நிக்காஹ் ஒன்றிற்கு அண்மையில் சென்றிருந்தேன். தரையெல்லாம் கிரானைட், சுவரெல்லாம் டைல்ஸ், ஒரு பக்கம் முழுவதும் கண்ணாடி. கண்ணுக்கு நிறைவுதான். ஹஜ்ரத் அவர்கள் குத்பாவைத் தொடங்கியதும்தான் குறை தெரிந்தது. ஒரு சொல் முடியுமுன் முந்தைய சொல் கூரையிலிருந்து திரும்பிவந்து அதன்மேல் விழுந்தது. ஒலிபெருக்கிக்காரர் சத்தத்தைக் கூட்டினார், குழப்பமும் கூடிற்று.

மணமகன் கபூல் சொன்ன வேளையில், சாட்சிகளுள் ஒருவரான பெரியவர் என் பக்கம் குனிந்து, "மாப்பிள்ளை சொல்லிட்டாரா தம்பி?" என்றார். அது ஹஜ்ரத்தின் செவியிலும் விழுந்திருக்க வேண்டும். மைக்கை நிறுத்தச் செய்து, சாட்சிகள் இருவரையும் அருகில் அமர்த்தி, ஈஜாபையும் கபூலையும் மீண்டும் சொல்ல வைத்தார். சாட்சி என்பவர் கையொப்பமிடுவதற்கு மட்டுமா? காதால் கேட்டவராகவும் இருக்க வேண்டும் அல்லவா? பெண்கள் பகுதியிலிருந்த மணமகளின் தாயாரோ, பேரீச்சம்பழத் தட்டு வந்த பிறகே மகளின் நிக்காஹ் முடிந்ததை அறிந்தார்களாம்.

நம் முன்னோர் தெருவை அடைத்துப் பந்தல் போட்டு, கீற்றுக்கு அடியில் வெள்ளைத் துணி கட்டி, பாய் விரித்து நிக்காஹ் நடத்தினார்கள். ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்டது. பந்தலில் ஓசை திறந்த பக்கங்களால் வெளியேறிவிடும்; எஞ்சியதைக் கீற்றும் துணியும் பாயும் உறிஞ்சிக்கொள்ளும். கல்லும் கண்ணாடியும் உறிஞ்சுவதில்லை, திருப்பி அனுப்புகின்றன.

இதை அளந்து சொன்னவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து வாலஸ் சபைன். 1895-இல் அங்கிருந்த ஃபாக் விரிவுரைக் கூடத்தில் பேச்சு புரியவில்லை என்று முறையீடு எழுந்தது. ஒரு சொல்லின் ஓசை ஐந்தரை வினாடி அளவுக்கு அங்கே சுழன்றது. சபைன் பக்கத்து அரங்கத்தின் இருக்கை மெத்தைகளை இரவுதோறும் சுமந்துவந்து பரப்பி, ஓசை அடங்கும் நேரம் குறைவதைக் குறித்துக்கொண்டார். கூடத்தின் கன அளவு கூடினால் அந்த நேரம் கூடும். உறிஞ்சும் பரப்பு கூடினால் அது குறையும். அவருடைய கணக்கின் சாரம் இவ்வளவுதான்.

நம் மண்டபத்துக்கு அதைப் போட்டுப் பார்த்தேன். 65 அடி நீளம், 50 அடி அகலம், 20 அடி உயரம் என்று கொண்டால், வெறுமையாக இருக்கையில் ஓசை அடங்க 5 வினாடிக்கு மேலாகும். 150 பேர் அமர்ந்தால் சுமார் இரண்டரை. ஓசையை நன்கு உறிஞ்சும் துணியை 1,300 சதுர அடி அளவில் மேலே கட்டினால் ஒன்றரைக்கு அருகில் வந்துவிடும். பேச்சுக்கு ஒரு வினாடியை ஒட்டி இருப்பதே நலம்; எனினும் ஒன்றரையில் பெரியவர் குனிந்து கேட்க வேண்டியிருக்காது.

எந்தத் துணியும் உதவும் என்று எண்ணிவிடாதீர்கள். 1871-இல் திறக்கப்பட்ட லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் எதிரொலி பெருந்தொல்லையாக இருந்தது. குவிமாடத்தின் கீழே பெரிய கான்வாஸ் விதானம் கட்டினார்கள். ஓரளவே பயன்பட்டது, 1949-இல் அகற்றிவிட்டார்கள். 1969-இல் கண்ணாடியிழைத் தட்டுகளைக் காளான்போல் தொங்கவிட்ட பிறகுதான் தொல்லை பெரிதும் அடங்கிற்று.

துணியை வாயருகே வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு சற்றுத் தடைப்பட்டு அப்பால் செல்ல வேண்டும். தடையின்றிச் சென்றாலும் பயனில்லை. செல்லவே இல்லையென்றாலும் பயனில்லை. தார்ப்பாயும் பிளாஸ்டிக் பூசிய துணியும் இரண்டாம் வகை. ஜித்தா விமான நிலையத்தின் ஹஜ் முனையத்தை ஹாஜிகள் பலர் பார்த்திருப்பீர்கள். டாக்காவில் பிறந்த பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கானின் பங்களிப்பில் எழுந்து 1981-இல் திறக்கப்பட்ட அந்த 210 கூடாரங்களும் டெஃப்லான் பூசிய கண்ணாடியிழைத் துணியாலானவை. வெயிலைத் தடுக்க அதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் அதே துணியை மூடிய மண்டபத்துக்குள் கட்டினால் ஓசை அடங்காது.

அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இழுத்துக் கட்டும் முறையை. மரக்காணத்து உப்புக் குவியல்மேல் தளர்வாகப் போட்ட பாய் காற்றில் படபடத்துக் கிழியும். இறுக்கிக் கட்டியது நிற்கும். விதானத்தின் எதிரெதிர் மூலைகள் இரண்டை உயர்த்தி, மற்ற இரண்டைத் தாழ்த்தி, குதிரைச் சேணம்போல் இழுத்தால் தொய்வு விழாது. கூரையோடு ஒட்டாமல் குறைந்தது ஒரு சாண் இடைவெளி விடுங்கள். கூரையை ஒட்டிக் காற்று அசைவதில்லை. சற்றுத் தள்ளியே அசைகிறது. அசையும் காற்றைத்தான் துணி பிடிக்கும். சுவரில் பொருத்துவதானால் சட்டத்தில் துணியை இழுத்தடித்து, பின்னே கனிமப் பஞ்சு வைக்கலாம். கடற்காற்றில் சாதாரண எவர்சில்வர் கொக்கியும் புள்ளி விழும். 316 வகை எஃகு கேளுங்கள்.

தீயைப் பற்றிச் சொல்லாமல் விடலாகாது. 1997-இல் மினாவில் கூடாரங்கள் பற்றியெரிந்து முந்நூறுக்கும் மேற்பட்ட ஹாஜிகள் மாண்டனர். தீப்பற்றாத கூடாரங்கள் அதன் பின்னரே வந்தன. 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்துத் திருமண மண்டபத்தில் பந்தல் தீப்பற்றி, மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தீத்தடுப்புச் சான்று இல்லாத துணி எவ்வளவு மலிவாயினும் வேண்டாம். விளக்கையும் மின்கம்பியையும் துணியில் தொடவிடாதீர்கள்.

மண்டபம் பேசச் செல்லும்போது வாகன நிறுத்தம், சமையற்கூடம் எல்லாம் பார்ப்பீர்கள். கூடத்தின் நடுவில் நின்று ஒருமுறை கையைத் தட்டி, ஓசை அடங்கும்வரை எண்ணியும் பாருங்கள். இரும்பை மண்டபத்தின் உரிமையாளர் என்னிடம் துணியின் அளவு கேட்டிருக்கிறார். ஷவ்வாலில் அங்கே இன்னொரு நிக்காஹ் இருக்கிறதாம்.