விசிறி சுழலாமல் வள்ளம் நகருமா?

பொதிகையில் பிறந்து திருநெல்வேலியைக் கடந்து வரும் தாமிரபரணி, புன்னைக்காயலில் கடலோடு கலக்கிறது. அது சுமந்து வந்த மணலே கொற்கையையும் பழைய காயலையும் கடலிலிருந்து விலக்கி, அவற்றின் துறைமுகப் பெருமையை முடித்துவைத்தது. இன்று அதே மணலில் மோதுவது, மோட்டார் வள்ளங்களின் விசிறி.

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவரின் வள்ளத்தில் கழிமுகம் வரை சென்றிருந்தேன். திரும்புகையில் அலை எழுந்தது. அவர் விசையைக் கூட்டினார். இயந்திரம் அலறியதே தவிர, வள்ளம் நகரவில்லை. விசையைக் குறைத்ததும் மெல்ல ஊர்ந்தது.

"ஒரு மாசமா இப்படித்தான் ஹஜ்ரத். இன்ஜின் போயிட்டுதுன்னு சொல்லிட்டாங்க. உம்மாவோட வளையலை அடகு வச்சு வேற வாங்கணும்" என்றார்.

கரையில் அனுபவமிக்க பெரியவர் ஒருவர் அதைக் கேட்டுச் சிரித்தார். இயந்திரம் பழுதென்றால் அலறாது, திணறும். வேகமாகச் சுற்றியும் வள்ளம் நகராவிட்டால், கோளாறு இயந்திரத்துக்கும் விசிறிக்கும் இடையில்தான் என்றார். முதலில் பிளக் கம்பியைக் கழற்றச் சொன்னார். விசிறியில் கை வைக்குமுன் இதை மறந்தவர்கள் விரலை இழந்ததுண்டு. பின்பு விசிறிக் குடத்தின் உள்குழாயிலிருந்து வெளிப்பகுதி வரை பெயிண்டால் ஒரே கோடு இழுத்தார். வள்ளத்தைச் சிறிது ஓட்டிப் பார்த்தபோது, கோடு இரண்டாகப் பிரிந்து விலகி நின்றது! இடையிலிருந்த ரப்பர் புஷ் பிடிமானம் இழந்து வழுக்கியிருந்தது.

மணலில் விசிறி அடிபடும்போது அதிர்ச்சி கியருக்குச் செல்லாதிருக்கவே அந்த ரப்பரை வைத்திருக்கிறார்கள். சிறிய இயந்திரங்கள் சிலவற்றில் அந்த வேலையைச் செய்வது மெல்லிய பின் ஒன்று. அது ஒடிந்தால் இரும்பு ஆணியைச் செருகி ஓட்டும் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். அடுத்த மோதலில் ஒடிவது கியர்ப் பல்.

பெரியவர் அத்துடன் விடவில்லை. கியர் எண்ணெயையும் வடித்தார். அது மோர்போல் வெளுத்திருந்தது. விசிறியின் பின்னே சுற்றிக் கிடந்த நைலான் தூண்டில் நரம்பு, சீலை அறுத்து நீரை உள்ளே விட்டிருந்தது. நரம்பை அகற்றி, புதுச் சீல் பொருத்தி, கீழ்த்துளை வழியாக எண்ணெய் ஏற்றினார்கள். மேல்துளையில் வழியும்வரை ஏற்றினால்தான் உள்ளிருக்கும் காற்று வெளியேறுமாம். எண்ணெயில் இரும்புத் தூள் மின்னியிருந்தால் கியரையே பிரிக்க நேர்ந்திருக்கும். நல்லவேளை, மின்னவில்லை.

புது புஷ்ஷை லேத் பட்டறையில் அழுத்திப் பொருத்தினார்கள். வளையல் உம்மாவின் கையிலேயே இருக்கிறது.