தறிக்குழியும் தகுதித் தேர்வும்

சமணப் பெரியோர் கல்வி வளர்த்த ஜினகாஞ்சிதான் திருப்பருத்திக்குன்றம். அங்கே தறிக்குழியில் கால் வைத்திருக்கும் நெசவாளி, "என் மகனுக்கு நவோதயப் பள்ளி கிடைக்குமா?" என்று கேட்டால் என்ன விடை கூறுவது? 1986ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை வகுத்த அப்பள்ளிகளில் உணவும் உறைவிடமும் இலவசம். நூற்றுக்கு 75 இடங்கள் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு. நல்லவைதாம், மறுக்கவில்லை! ஆனால் இந்தியும் உடன்வருகிறது; இருமொழிக் கொள்கையை முன்வைத்துத் தமிழகம் அவற்றை ஏற்காதிருந்தது; வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது.

மொழியை ஒதுக்கிவைத்தே பார்ப்போம். ஐந்தாம் வகுப்புப் பாலகனை இரண்டு மணிநேரத் தேர்வில் நிறுத்தி, தகுதியுடையவன், தகுதியற்றவன் என முத்திரை குத்துவதா? தனிப்பயிற்சிக்குப் பணம் கட்டியவர் பிள்ளையும், விடியலில் தார் சுற்றிவிட்டுப் பள்ளிக்கு ஓடிவரும் பிள்ளையும் ஒரே கோட்டிலிருந்தா ஓடுகிறார்கள்? 1944ஆம் ஆண்டுச் சட்டத்தையொட்டிப் பதினொரு வயதுத் தேர்வைப் பரப்பியது இங்கிலாந்து. 1965இல் அந்நாட்டு அரசே, அம்முறையைக் கைவிடுமாறு உள்ளாட்சிகளைக் கேட்டுக்கொண்டது!

அரசுப் பள்ளி மாணவர்க்கென உறைவிட மாதிரிப் பள்ளிகளைத் தமிழக அரசும் தொடங்கியது. வரவேற்போம். அங்கும் இடம் பெறுவோர் சிலரே. எஞ்சியோர் பயிலும் ஊர்ப்பள்ளிக்கு அந்த ஆய்வுக்கூடமும் அந்த ஆசிரியரும் வருவது எந்நாள்? நெசவாளித் தோழர் கேட்கவேண்டியது இதைத்தான். கோட்டையில் இருப்போர் நாள் குறித்துச் சொல்லட்டும்.