மஞ்சள் கடுதாசி லாரியைக் காப்பாற்றாது



நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பக்கம் டியூ கட்ட முடியாமல் தவிக்கும் லாரிக்காரர்களிடம், “ஐ.பி. (நொடிப்பு மனு) போட்டுவிடு, வண்டி தப்பிவிடும்” என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். தயவுசெய்து நம்ப வேண்டாம். 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டப்படி இந்த மஞ்சள் கடுதாசியைக் கொடுத்தாலும், வண்டியை ஈடாக வைத்துக் கடன் கொடுத்தவரின் உரிமை அப்படியே நிற்கும். கைமாற்றாகக் கொடுத்தவர்தான் காத்திருக்க வேண்டும்.

2016 திவால் சட்டத்தில், பிழைப்புக்குத் தேவையான வண்டியைக் கடனாளியிடமே விட்டுவைக்க வழி இருக்கிறது. ஆனால் ஈட்டில் இல்லாத வண்டிக்கு மட்டும்! அதிலும் தனிநபருக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்குத்தான் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஃபைனான்ஸ் இல்லாமல் லாரி எடுத்தவர் நம் பகுதியில் எத்தனை பேர்?

அதற்காக ஆள் வைத்துச் சாவியைப் பிடுங்கவும் யாருக்கும் உரிமையில்லை. 2007இல் பிரகாஷ் கவுர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்தது. காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக போன் செய்யக்கூடாது என்று 2022இல் ரிசர்வ் வங்கி சொன்னது.

தூக்கிப்போய் யார்டில் நிறுத்திய லாரியில் டயரும் பேட்டரியும் வீணாகும். ஏலத்தில் அடிமாட்டு விலை, மீதிக்கு மறுபடி நோட்டீஸ். ஓடினால்தானே கடன் அடையும்? ஒற்றை லாரி வைத்திருப்பவரின் வண்டியைத் தூக்குமுன் தவணைக் காலத்தை நீட்டித்துத் தருவதை அரசு சட்டமாகவே ஆக்க வேண்டும்.

– ஒரு லாரி உரிமையாளர், திருச்செங்கோடு