பூம்பாறை மேட்டுக்கு மோட்டார் சக்கரம் தாங்குமா?

கொடைக்கானலில் இருந்து பூம்பாறைக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். காரில் போகிறவர்கள் வழியில் இறங்கி, படிக்கட்டு வயல்களையும் நடுவே கொத்தாக நிற்கும் வீடுகளையும் படம் எடுத்துக்கொண்டு, குழந்தை வேலப்பரைக் கும்பிட்டு, மலைப்பூண்டு கால் கிலோ வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். (2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு அது. விலையைக் கேட்டுத் திகைக்க வேண்டாம்.)

அதே சாலையில் சைக்கிள் மிதிப்பவரின் பாடு வேறு. பூம்பாறை சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் அதைவிட ஏறத்தாழ 200 மீட்டர் மேலே. ஊரிலிருந்து கொடைக்குப் போவதென்றால் ஏற்றம்தான் அதிகம். 21 கியர் சைக்கிளாகவே இருந்தாலும் மூச்சு வாங்கும். அப்போதுதான் இந்த யோசனை வருகிறது: ஆன்லைனில் விற்கிறார்களே ஹப் மோட்டார் சக்கரம், பழைய கியர் சைக்கிளில் அதை மாட்டினால் என்ன?

மாட்டலாம். எந்த மோட்டாரை, எந்தச் சக்கரத்தில், எந்த பிரேக்கோடு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சமவெளியில் தவறாகத் தேர்ந்தெடுத்தால் பணம் போகும். மலையில் உயிரும் போகலாம்.

சக்கரத்தின் நடுக்குடத்துக்குள் மோட்டாரை ஒளித்துவைப்பது ஒன்றும் புதுசில்லை. அமெரிக்காவின் ஒஹையோவைச் சேர்ந்த ஆக்டன் போல்டன் என்பவர் 1895 டிசம்பர் 31-ல் இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். பின்சக்கரத்தில் மோட்டார், ஃபிரேமுக்குள் பேட்டரி. இன்று கடையில் பார்க்கும் அதே அமைப்பு. அவர் காலத்தில் இல்லாதது எடை குறைந்த பேட்டரிதான்.

இப்போது ஒரு கணக்கு. ஆள், சைக்கிள், மோட்டார், பேட்டரி எல்லாம் சேர்த்து 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நூறடி போவதற்குள் பத்தடி உயரும் மேட்டில் மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, சக்கரத்தில் சுமார் 270 வாட் சக்தி வேண்டும். 250 வாட் மோட்டார் ஒன்றே அதைச் செய்யட்டும் என்று த்ராட்டிலை முறுக்கி உட்கார்ந்துவிட்டால், மோட்டார் திணறும், சூடேறும். சூடு இழுவையின் வர்க்கத்தில் ஏறும் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. இழுவை இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்கு.

இதைத் திருப்பிப் பார்த்தால் நல்ல செய்தியும் உண்டு. மூன்றில் ஒரு பங்கு வேலையை உங்கள் கால் ஏற்றுக்கொண்டால், மோட்டாரின் சூடு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஒரு பங்கு என்பது 90 வாட். நல்ல உடல்நிலையில் இருப்பவர் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்து மிதிக்கக்கூடியதுதான்.

பலரும் குழம்புவது இங்கேதான். கியர் சைக்கிளில் மாட்டினால் மோட்டாருக்கும் அந்தக் கியர் உதவும் என்று நினைக்கிறார்கள். உதவாது. ஹப் மோட்டார் சக்கரத்தை நேரடியாகச் சுழற்றுகிறது. செயின் வழியாக அல்ல. நீங்கள் முதல் கியரில் இருந்தாலும் ஏழாவது கியரில் இருந்தாலும் அதற்கு ஒன்றுதான். கியர் உங்கள் காலுக்கு மட்டுமே. ஆனால் அந்தக் கால் சேர்ந்தால்தானே மோட்டாரின் சூடு குறையும்? ஆகவே மேடு வரும் முன்பே கியரை இறக்கி, மிதித்துக்கொண்டே ஏற வேண்டும். கியர் இல்லாத சைக்கிளில் இந்த வசதி கிடையாது. (மிதிக்கும் அச்சிலேயே மோட்டாரை வைத்து, செயின், கியர் வழியாக ஓட்டும் வகையும் உண்டு. செங்குத்து மேடுகளுக்கு அதுதான் பொருத்தம். விலையும் செயின் தேய்மானமும் அதிகம்.)

ஹப் மோட்டாரிலேயே இரண்டு சாதி. உள்ளே குட்டிப் பற்சக்கரங்கள் கொண்டது ஒன்று. எடை குறைவு, மேட்டில் இழுவை நன்று, மோட்டாரை நிறுத்தினால் சக்கரம் தடையில்லாமல் உருளும். பற்சக்கரம் இல்லாத நேரடி வகை கனமானது, மெதுவாக ஏறும்போது சீக்கிரம் சூடேறும். ஆனால் இறக்கத்தில் கொஞ்சம் மின்சாரத்தைத் திருப்பித் தரும். அந்த ஆசையில் அதை வாங்குகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். மேலே உள்ள வீட்டில் பேட்டரியை முழுக்க சார்ஜ் செய்துவிட்டு உடனே கீழே இறங்கினால், வருகிற மின்சாரத்தை வாங்க பேட்டரியில் இடமே இருக்காது. பூம்பாறைக்குப் பற்சக்கர வகையே போதும்.

முன்சக்கரமா, பின்சக்கரமா? முன்சக்கரத்தில் மாட்டுவது சுலபம். கியர், செயின் எதையும் தொட வேண்டியதில்லை. ஆனால் மேட்டில் எடையெல்லாம் பின்பக்கம் சாயும். ஈரச் சாலையில் முன்சக்கரம் வழுக்கிச் சுற்றும். அதைவிட ஆபத்து, அலுமினிய சஸ்பென்ஷன் ஃபோர்க்கில் அச்சு உட்காரும் வெட்டு இந்த முறுக்கைத் தாங்காமல் உடைவது. பின்சக்கரம்தான் சரி. வாங்கும் முன் அச்சு இடைவெளியை அளந்து பாருங்கள். பெரும்பாலான கியர் சைக்கிள்களில் 135 மில்லிமீட்டர். உங்கள் பல்சக்கர அடுக்கு திருகி மாட்டும் ஃப்ரீவீலா, சொருகி மாட்டும் கேசட்டா என்றும் பாருங்கள். மோட்டார் ஏற்கும் வகையும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். அச்சு சுழன்று வயரை அறுத்துவிடாமல் பிடிக்கும் டார்க் ஆர்ம் என்ற இரும்புத் துண்டைக் கண்டிப்பாக மாட்டச் சொல்லுங்கள். விலை குறைவு என்பதாலேயே பலர் விட்டுவிடும் பொருள் அது.

பேட்டரி? 36 வோல்ட், 10 ஆம்பியர் ஹவர் என்றால் 360 வாட் ஹவர். பூம்பாறையிலிருந்து கொடைக்கு, கூடவே மிதித்தால் தாராளம். அதே பேட்டரியை நம்பி வத்தலக்குண்டிலிருந்து மலையேறக் கிளம்ப வேண்டாம். 100 கிலோவை அவ்வளவு உயரம் தூக்குவதற்கே, இழப்பு எதையும் சேர்க்காமல், 450 வாட் ஹவருக்கு மேல் வேண்டும்.

ஏறுவதைப் பற்றியே எல்லோரும் கேட்கிறார்கள், இறங்குவதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அதே பத்துக்கு ஒன்று சரிவில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தை மீறாமல் பிடித்துவைக்க, பிரேக்குகள் ஐந்நூறு வாட்டுக்கு மேல் சூட்டை விழுங்க வேண்டும். சின்ன இஸ்திரிப்பெட்டி ஒன்றைப் பிரேக்கில் கட்டித் தொங்கவிட்டதுபோல. மழையில் நனைந்த ரிம்மில் ரப்பர் பிரேக் கட்டை இதற்குப் போதாது. டிஸ்க் பிரேக் இல்லாத சைக்கிளில் மோட்டார் மாட்டுவதைவிட, அந்தப் பணத்தில் முதலில் பிரேக்கை மாற்றுவது புத்திசாலித்தனம்.

சட்டமும் ஒன்று உண்டு. மோட்டாரின் 30 நிமிட சக்தி 250 வாட்டுக்குக் குறைவாக, உச்ச வேகம் 25 கிலோமீட்டருக்குக் குறைவாக, பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள், நல்ல பிரேக், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு பிரதிபலிப்பான் என்று இருந்தால்தான் அது மோட்டார் வாகனக் கணக்கில் வராது. 500 வாட் கிட் மாட்டினால் பதிவும் லைசென்ஸும் இன்சூரன்ஸும் இல்லாத மோட்டார் வாகனம் ஓட்டுகிறீர்கள் என்று அர்த்தம். விபத்து நடந்த பிறகு அதைத் தெரிந்துகொள்வது ரொம்பத் தாமதம். பிரதிபலிப்பான் அலங்காரத்துக்கு அல்ல. கொடை மலையில் பட்டப்பகலிலேயே பனிமூட்டம் சாலையை மூடிவிடும். சத்தமில்லாத சைக்கிள் வளைவில் திரும்பினால் காட்டுமாட்டுக்கும் தெரியாது. மணியை அடித்துக்கொண்டே போங்கள்.

மார்கழி, தை மாதங்களில் கொடைப் பக்கம் உறைபனி விழும். லித்தியம் பேட்டரியைப் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே நிரந்தரமாகப் பழுதாகும். இரவில் சைக்கிளைத் திண்ணையில் விட்டாலும், பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோங்கள். குளிர்கிறதே என்று அடுப்புக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள்.