துப்பாக்கிக்கு மேக்கப் வேண்டாம் பாஸ்!

'ஆயுத பூஜை வருது. பைக்குக்குப் பொட்டு வெச்சு மாலை போட்டுடுவேன். தாத்தாவோட ரெட்டைக் குழல் துப்பாக்கிதான் பாக்கி. குழல்ல அங்கங்க செம்பழுப்பா துரு. பைக் டேங்குக்கு கிளியர் கோட் அடிக்கிற கடையில கொடுத்து பளபளன்னு ஆக்கிட்டா தாத்தா அசந்துடுவார்ல?'

குடியாத்தத்துல இருந்து ஒரு காலேஜ் தம்பி கேட்ட கேள்வி இது. தம்பி, ஒரு நிமிஷம்... அந்த கன்னை முதல்ல கீழே வைங்க!

லைசென்ஸ் தாத்தா பேர்ல இருக்கா? அப்போ அதைத் தொட்டு, தோட்டா இல்லைன்னு பார்த்து, துடைக்க வேண்டியவர் அவர்தான். பெயின்ட் கடைக்கு அதைத் தூக்கிட்டுப் போறது 1959-ம் வருஷ ஆயுதச் சட்டப்படி வம்பு. லைசென்ஸ்காரர் தவறிட்டா, துப்பாக்கியை போலீஸ் ஸ்டேஷன்லயோ லைசென்ஸ் உள்ள டீலர்கிட்டயோ ஒப்படைக்கணும். பரண்ல ஒளிச்சு வைக்கிற கதையெல்லாம் வேணாம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். பழைய துப்பாக்கிக் குழலோட கறுநீலம் இருக்கே, அது பெயின்ட் இல்லை. துரு! ஆமாம், இரும்பை வேணும்னே துருப்பிடிக்க வெச்சு, கொதிக்கிற தண்ணியில போட்டுக் கறுப்பாக்கி, தேய்ச்சு, மறுபடி மறுபடி அதையே செஞ்சு நாள்கணக்குல உருவாக்கின படலம். தலைமுடியைவிட ரொம்ப மெல்லிசு. பித்தளைக் குடம் மாதிரி நினைச்சு புளி போட்டுத் தேய்ச்சீங்கன்னா, துருவோட சேர்ந்து அதுவும் கழண்டு வந்துடும். எமரி பேப்பர் பத்திச் சொல்லவே வேணாம். சில பழைய குழல்கள்ல அலை அலையா கோடு தெரியும். இரும்பையும் எஃகையும் முறுக்கிச் செஞ்ச 'டமாஸ்கஸ்' குழல் அது. தேய்ச்சா அந்த அழகும் போச்சு!

'தேய்க்கலை, மேல கிளியர் கோட் மட்டும்'னு சொல்றீங்களா? அங்கதான் சிக்கலே. பைக்குக்கு அடிக்கிற டூ-பேக் கோட்டிங் ஒருமுறை இறுகிட்டா சாதாரண கரைப்பான்ல கரையாது. எங்கயாவது ஊசிமுனை அளவு கீறல் விழுந்தா போதும். ஈரம் உள்ள போயி, கோட்டிங்குக்கு அடியிலேயே துரு நூல் நூலா ஓடும். வெளியில பளபள, உள்ள அரிப்பு! அதைச் சுரண்டி எடுக்கறப்போ பழைய படலமும் கூடவே வந்துடும். 'டேனரியில லெதருக்கு அடிக்கிற லாக்கர் இருக்கே'ன்னு நம்ம பக்கத்து ஆளுங்க கேட்பீங்க. நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரை எடுத்துடலாம்தான். ஆனா வருஷம் போகப் போக மஞ்சளாகி வெடிக்கும்.

மியூசியத்துக்காரங்களுக்கு ஒரு விதி உண்டு. நீங்க பூசுறதை நாளைக்கு இன்னொருத்தர் சேதமில்லாம எடுக்க முடியணும். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துல 1930-லயே பழம்பொருள்களைப் பாதுகாக்க வேதியியல் ஆய்வகம் தொடங்கினாங்க. முதல்ல பொறுப்பேத்தவர் எஸ்.பரமசிவன். உலோகப் பொருளுக்கு மியூசியங்கள்ல பூசுற 'பாராலாய்ட் பி-72' ஒரு அக்ரிலிக். அசிட்டோன்ல கரைஞ்சுடும், நெயில் பாலிஷ் ரிமூவர் கதைதான். அதைவிட எளிசு, மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு. 1950-கள்ல லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல உருவான 'ரினைசான்ஸ் வாக்ஸ்' இந்த ரகம்தான்.

தாத்தாகிட்ட சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: பருத்தித் துணியில கொஞ்சம் தையல் மிஷின் எண்ணெய் தொட்டு அழுக்கைத் துடைக்கணும். சமையல் எண்ணெய் வேணாம், நாளாக ஆகப் பிசுபிசுக்கும். அப்புறம் எண்ணெயை ஒத்தி எடுத்து நல்லா காயவிட்டு, மெல்லிசா மெழுகு தடவி, மென்மையான துணியால மெருகேத்தணும். கையுறை போட்டுக்கிட்டா நல்லது, வியர்வை உப்பே துருவுக்கு விருந்து. வருஷத்துக்கு ஒருமுறை இதைச் செஞ்சா போதும். சந்தனம் குங்குமத்தை இரும்புல வைக்காம, பக்கத்துல ஒரு தட்டுல வெச்சுக் கும்பிடலாம். ஈரப் பொட்டு காயறதுக்குள்ள புள்ளி விழுந்துடும்.

கடைசியா ஒண்ணு. பேரணாம்பட்டு மாமா ஆசையா தெச்சுக் கொடுத்த தோல் உறை இருந்தாலும், துப்பாக்கியை அதுக்குள்ள நிரந்தரமா வைக்காதீங்க. தோல் ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும், பதனிட்ட ரசாயனமும் இரும்பை அரிக்கும். நம்ம ஊர் தோலு காலுக்கு ஷூவா ஜோரு, கன்னுக்கு வீடா வேணாம்!

குழல்ல ஒரு இடம் மட்டும் கறுப்பு தேய்ஞ்சு வெளுத்திருக்கும், பாருங்க. தாத்தா இடது கையால பிடிச்ச இடம் அது. அம்பது வருஷத்துக் கைரேகை. புதுசா பளபளப்பு ஏத்தினா முதல்ல மறையப் போறது அதுதான். இந்த பூஜைக்கு அவர் பக்கத்துல உட்கார்ந்து மெழுகு டப்பாவை நீட்டுங்க. கதையெல்லாம் தானா வரும்!