எல்லை யாருக்குத் தடை?

வெற்றிமாறனின் ‘விசாரணை’ (2016) படத்தில், பிழைக்கப்போன தமிழ்த் தொழிலாளர்களை, செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி ஆந்திர போலீசார் அடிக்கின்றனர். அங்கிருந்து மீட்கும் தமிழக போலீசாரே பின்னர் அவர்களைக் கொல்கின்றனர். கோவை ஆட்டோ ஓட்டுநர் மு.சந்திரகுமார் பட்ட அனுபவமே முதல்பாதிக்கு வேர். ஏழையை ஒடுக்க எல்லை தடையாவதில்லை.

போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் போகிறவர்களில் நம் தலித் பெண்கள் பலர். அங்கே சாதி சொல்லி இழிவுபடுத்தினால் எங்கே புகார் கொடுப்பது? ‘இது எங்க லிமிட் இல்லை’ என்றால் திரும்பி வராதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவுப்படி, வன்கொடுமை எங்கு நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் தரலாம். அதுவே ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’ தேனி, இடுக்கி போலீசார் இதற்கும் கைகோக்க வேண்டும் என்கிறோம்.