கொடியும் கூலியும்

மேலே கறுப்பு, கீழே சிவப்பு, நடுவில் மஞ்சள் வட்டம். ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களின் கொடி இது. கறுப்பு, அந்த மக்கள். மஞ்சள், உயிர் காக்கும் சூரியன். சிவப்பு, அவர்கள் பிறந்த மண். சடங்குகளில் பூசிக்கொள்ளும் காவிமண்.

வரைந்தவர் ஹெரால்டு தாமஸ். லுரிட்ஜா இனத்தவர். சிறு வயதிலேயே குடும்பத்திடமிருந்து பிரிக்கப்பட்டவர். பழங்குடிப் பிள்ளைகளுக்கு அன்றைய சர்க்கார் வகுத்த விதி அது. மரபை மறக்கடிக்கப் பார்த்தார்கள். அவரோ ஓவியக் கல்லூரியில் படித்து, கற்ற தொழிலைத் தம் மக்களுக்கே கொடுத்தார். 1971 ஜூலையில் அடிலெய்டு நகரத்தில் அந்தக் கொடி முதன்முதலாக ஏறியது. மறு ஆண்டு கான்பெராவில், பார்லிமெண்டுக்கு எதிரே நில உரிமை கேட்டுப் போட்ட கூடாரத்தில் பறந்தது.

பரம்பரைச் சொத்து இப்படித்தான் கலைஞன் கையில் புது உருவெடுக்கிறது. ஆனால் தோழர்களே, அந்த உருவத்தின் பலன் யாருக்கு?

1966ல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஒரு டாலர் நோட்டைப் பாருங்கள். ஆர்னெம் லாந்து பழங்குடி ஓவியர் டேவிட் மலங்கி மரப்பட்டையில் தீட்டிய படம் அதில் அச்சானது. மூதாதை வேட்டைக்காரன் ஒருவனின் ஈமச் சடங்கைச் சொல்லும் படம். அவரை யாரும் கேட்கவில்லை. காலணா கூலி தரவில்லை. வரைந்தவன் எவனோ, என்றோ செத்திருப்பான் என்று எண்ணிவிட்டார்கள்! உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்த பிறகுதான் 1000 டாலரும், ஒரு பதக்கமும், மீன்பிடிச் சாமான்களும் கொடுத்தார்கள்.

தாமஸ் விஷயம் வேறு விதம். கொடியின் உரிமை அவருக்கே என்று 1997ல் கோர்ட்டு தீர்ப்பளித்தது. நியாயம்தான். ஆனால் 2018ல் துணியில் கொடியை அச்சிடும் உரிமை ஒரு கம்பெனிக்குப் போயிற்று. அது பழங்குடி மக்களின் கம்பெனி அல்ல. தங்கள் கொடியைச் சட்டையில் போட்ட பழங்குடி அமைப்புக்கே வக்கீல் கடிதம் வந்தது! மக்கள் கொதித்தெழுந்தனர். கொடியை விடுவிக்கக் கோரி இயக்கம் நடத்தினர். 2022 ஜனவரியில் சர்க்கார் 2 கோடி டாலருக்கு மேல் கொடுத்து உரிமையை வாங்கியது. கம்பெனிகளின் உரிமங்களை ரத்து செய்த செலவும் அதில் அடக்கம். இன்று கொடியைச் சட்டையில் அச்சிட யாரும் கட்டணம் கட்ட வேண்டியதில்லை.

மலங்கிக்குக் கூலி மறுத்தது அநியாயம். மக்களிடமே அவர்கள் கொடிக்குக் காசு கேட்டதும் அநியாயம். படைத்தவனுக்குக் கூலி, மக்களுக்கு உபயோகம்: இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதமல்ல. நடுவில் நின்று வசூலிப்பவனுக்குத்தான் இரண்டுமே விரோதம். கூலிக்காகப் போராடும் ஆலைத் தொழிலாளிக்கும் வயல் தொழிலாளிக்கும் இது புரியாத கணக்கல்ல.